ஏசா வில்காக்ஸ் என்ற பெயரில் வந்தவன்

என் வீட்டுக்காரர் கேப்டன் செபுலோன் பெக்கின் கையெழுத்தைப் புகழாத ஆள் கனெக்டிகட் குதிரைப்படையில் கிடையாது. ஒருமுறை கர்னல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பன்றிக்கறி போட்டு வேகவைத்த அவரையை இரண்டு தட்டு காலி செய்துவிட்டு, "பெக், உன் படைப் பதிவேட்டைப் பார்த்தா அச்சுல போட்ட மாதிரி இருக்குய்யா. மத்தவனுங்க அனுப்புறது கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். நான் கர்னலுக்கு மூன்றாவது தட்டு வைத்தேன். அந்தப் பதிவேட்டில் அவர் கை பட்ட இடம் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கிற ஒப்பம் மட்டும்தான். மற்றதெல்லாம் நான் எழுதியது.

அவருக்குக் குதிரை தெரியும், வாள் தெரியும், நாற்பது பேரை ஒரு சத்தத்தில் வரிசையில் நிற்கவைக்கத் தெரியும். பேனாவைக் கையில் கொடுத்தால் மட்டும் வியர்த்துவிடும். அதனால் ஒவ்வொரு பயிற்சி நாள் முடிந்ததும் அடுப்படியில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். ஆள் பேர், குதிரை, ஆயுதம், வந்தாரா வரவில்லையா. ஆங்கிலேயரோடு போர் நடந்த எட்டு வருடமும் இப்படித்தான் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று கர்னல் சொன்னால் யார் பேருக்குச் சொன்னால் என்ன, என் காதில் விழுந்தால் சரி.

ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. "ஏசா வில்காக்ஸ். சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. வாள், ஒரு ஜோடி கைத்துப்பாக்கி. வந்தார்." இதை மூன்று வருடத்தில் முப்பத்தோரு தடவை எழுதியிருக்கிறேன். முப்பத்தொன்றும் பொய். ஏசா வில்காக்ஸ் ஒருநாளும் வந்ததில்லை. அந்தச் சாம்பல் குதிரையில் வந்தவன் ஜெத்ரோ.

எங்கள் பக்கத்தில் இது பெரிய பாவம் இல்லை. படையில் பேர் கொடுத்தவன் தனக்குப் பதிலாக இன்னொருவனை அனுப்பலாம். அனுப்பப்பட்டவன் குதிரை ஏறுவான், மழையில் நனைவான், சுடப்படுவான். பட்டியலில் மட்டும் பேர் கொடுத்தவனின் பேரே நிற்கும். சபை மூப்பர்களில் ஒருவரான டீக்கன் வில்காக்ஸுக்கு ஏசா ஒரே பிள்ளை. பிள்ளையைப் போருக்கு அனுப்ப மனசு வராமல் தன் அடிமை ஜெத்ரோவை அனுப்பினார். "என்ன பேர் எழுதணும்?" என்று நான் அன்றைக்கே கேட்டேன். "ஏசான்னே எழுது, அதுதானே வழக்கம்" என்றார் என் வீட்டுக்காரர். எழுதிவிட்டேன். சப்பாத்துக்கு எண்ணெய் போடுகிற மாதிரி யோசிக்காமல் செய்த வேலை அது.

டீக்கன் கெட்டவர் இல்லை. நல்லவராக இருப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனவர். ஜெத்ரோ தன் மகனுக்குப் பதிலாக மூன்று வருடம் படையில் போய்வந்தால், "கேப்டன் பெக்கின் பதிவேடு காட்டுகிறபடி", அவனுக்கு விடுதலை என்று பத்திரம் எழுதி வைத்தார். போதகர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மூன்று வருடம் 1779-லேயே முடிந்தது. போர் முடியட்டும் என்றார். போர் முடிந்தது, வைக்கோல் அறுவடை ஆகட்டும் என்றார். அடுத்து ஆப்பிள் பறிப்பு. இந்த வருடம் பிப்ரவரியில் சளி பிடித்து அவரே போய்ச் சேர்ந்தார்.

பெட்டியைத் திறந்தபோது பத்திரம் கிடைத்தது. ஏசா அதை வாசித்துவிட்டுச் சிரித்தானாம். "கேப்டன் பதிவேடு காட்டுறபடி தானே? காட்டட்டும். அதுல என் பேர்தான் இருக்கு. போனவன் நான்" என்றான். ஹட்சன் ஆற்றுப் பக்கத்திலிருந்து அடிமை வாங்குகிற ஒருவன் வந்து ஜெத்ரோவின் பல்லைப் பார்த்துவிட்டுப் போனான். திங்கட்கிழமை வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. ஆற்றைத் தாண்டிப் போனவர்கள் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

ஜெத்ரோவின் மனைவி ஃபீபி சுதந்திரமானவள். என் சமையலறையில்தான் வேலை செய்கிறாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட அறையில் நீதிவான் நார்ட்டன் விசாரணை வைத்தார். குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஏசா புதுக் கோட்டு போட்டு வந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி கெசியா, கையுறையைக் கழற்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டு. நார்ட்டன் நேர்மையான மனிதர், ஆனால் எழுத்தில் இல்லாதது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. பத்திரம் பதிவேட்டைக் கேட்கிறது, ஆகவே பதிவேடு மட்டும்தான் பேசலாம், வாய்ச்சாட்சி எடுபடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்துவிட்டேன்.

"1777 ஏப்ரல் பட்டியலை வாசிங்க கேப்டன்" என்றார் நார்ட்டன்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பட்டியலைச் சாதாரணக் குரலில் வாசிக்கத் தெரியாது. மைதானத்தில் கூப்பிடுகிற குரல்தான் வரும். ஜன்னல் கண்ணாடி அதிர ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். "ஏசா வில்காக்ஸ்."

"இருக்கேன், கேப்டன்" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

ஜெத்ரோ. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடமே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன்.

ஏசா மட்டும் அசரவில்லை. "இதுல சிரிக்க என்ன இருக்கு? என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா என் ஆளு ஏன்னு கேக்குறான். அடிமைன்னா அப்படித்தானே பழக்கணும்?"

நார்ட்டன் தலையை ஆட்டினார். "சிரிப்பை நான் சாட்சியா எழுத முடியாது. சனிக்கிழமை மதியம் தீர்ப்பு. அதுக்குள்ள யாராவது எழுத்துல ஏதாவது கொண்டுவந்தா பார்க்கிறேன்."

எங்கள் ஊரில் ஜெத்ரோதான் போனான் என்று தெரியாதவர்கள் இல்லை. தொட்டில் குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டியல் சரி என்று படை ஆட்கள் அத்தனை பேரும் அந்த நாளிலேயே சத்தியம் செய்திருக்கிறார்கள். இப்போது இல்லை என்றால் அன்றைக்குச் சொன்னது பொய்ச்சத்தியம் ஆகும். ஆளாளுக்கு வாயை மென்று விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வழியிலேயே ஆரம்பித்துவிட்டேன். "நீங்க வாயத் திறந்திருக்கலாம்."

"அதான் நார்ட்டன் திறக்காதேன்னுட்டாரே."

"அவர் சொன்னதும் உங்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன்."

"ஹல்டா, உனக்குப் புரியாது. வர்ற மாசம் கேப்டனுங்க எல்லாம் கூடி மேஜரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. பொய்ப் பட்டியல் கொடுத்தவன்னு என் பேர் கெட்டுதுன்னா?"

"மேஜர் தொப்பியில இறகு எவ்வளவு நீளம் இருக்கும்?"

"என்னது?"

"இல்ல, ஒரு ஆளை ஆத்துக்கு அந்தாண்ட விக்கிற அளவுக்கு நீளமான்னு கேட்டேன்."

அதற்குப் பிறகு வீடு வரைக்கும் அவர் குதிரையோடுதான் பேசினார்.

மறுநாள் காலையில் ஃபீபி வந்து எப்போதும்போல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மக்காச்சோள மாவு சலித்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. "அந்தப் பேரை எழுதினது நீங்கதானேம்மா" என்றாள், உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிற குரலில்.

"ஆமா."

"கேப்டன் சொல்லச் சொல்ல நீங்க இங்க உக்காந்து எழுதுறதைப் பார்த்திருக்கேன். எவ்வளவு அழகா எழுதுறாங்கன்னு நினைச்சுக்குவேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என்னை வாயடைக்க வைத்தவர்கள் இந்த ஊரில் குறைவு. கோபம் வந்தது, அதுவும் என்மேலேயே. பதிவேட்டை எடுத்து மாவுப் பலகைமேல் போட்டுப் பிரித்தேன். "சரி, நான் போட்ட முடிச்சு. நான்தான் அவுக்கணும். உக்காரு. ஒவ்வொரு நாளா சொல்றேன், அன்னிக்கு என்ன நடந்துச்சு, ஏசா எங்க இருந்தான், உனக்கு என்ன ஞாபகம் இருந்தாலும் சொல்லு."

பயிற்சி நாட்களை வாசித்தேன். ஒன்றும் நிற்கவில்லை. ஏசா வீட்டில் தூங்கினான், ஏசா மீன் பிடித்தான். யார் எழுதி வைத்தார்கள்? பிறகு டான்பரிக்கு ஓடிய நாளுக்கு வந்தேன். ஆங்கிலேயப் படை டான்பரியைக் கொளுத்துகிறது என்று சனிக்கிழமை ஆள் வந்து சொல்ல, எங்கள் படை அன்றே கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை ரிட்ஜ்ஃபீல்டில் சண்டை போட்டது. "ஏப்ரல் இருபத்தேழு" என்று வாசித்தேன்.

ஃபீபி சல்லடையை நிறுத்தினாள். "ரிட்ஜ்ஃபீல்டா? அவர் தோள்ல கத்திக்குத்து வாங்கினாரே, அதுவா? அன்னிக்கு மழைம்மா. நான் அப்ப டீக்கன் வீட்டுல கூலிக்கு இருந்தேன். அவர் ராத்திரியெல்லாம் நனைஞ்சுகிட்டு எங்க போறாரோன்னு நினைச்சுகிட்டே கோயிலுக்குத் தண்ணி சுட வெச்சு எடுத்துட்டுப் போனேன்."

"கோயிலுக்கு எதுக்குடி சுடுதண்ணி?"

"லெவிப் பாப்பா ஞானஸ்நானத்துக்கு. பிறந்ததுல இருந்து சீக்கு, பச்சைத் தண்ணி ஆகாதுன்னு டீக்கனம்மா சொன்னாங்க."

நான் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தேன்.

எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஆண்கள் பக்கம் பெஞ்செல்லாம் காலி, பாதிப் பேர் சண்டைக்குப் போயிருந்தார்கள். கூரை ஒழுகியது. கோயிலின் நடுவழியில் கெசியா நின்றாள், ஈரச் சப்பாத்தோடு. பக்கத்தில் ஏசா நின்றான். கல்யாணமாகி ஏழே மாதத்தில் அவர்களுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கணவனும் மனைவியும் சபை முன்னால் நின்று, விபசாரம் கூடாது என்ற ஏழாம் கட்டளையை மீறினோம் என்று வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பிள்ளை பிழைக்குமோ பிழைக்காதோ என்று இருந்ததால் சண்டைக்காகக்கூட அதைத் தள்ளிவைக்கவில்லை. ஜெத்ரோ குதிரை ஏறிய மறுநாள் அது.

"ஃபீபி, அந்த மாவை அப்படியே விடு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்கு நடந்தேன்.

போதகர் சபைப் புத்தகத்தைத் திறக்கத் தயங்கினார். "எதுக்கும்மா இது? ஊர் மறந்துட்ட வெக்கத்தை மறுபடி கிளறணுமா?"

"ஊர் எதையும் மறக்கல ஐயா. வெளிய பேசுறதில்ல, அவ்வளவுதான்."

"அந்தப் பொண்ணு கெசியா பாவம்."

"பாவம்தான். ஜெத்ரோவும் பாவம்தான். அந்தப் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து யாருதுங்க ஐயா?"

அவர் புத்தகத்தைப் பிரித்தார். தேதி சரியாக இருந்தது. போதகர்களின் எழுத்து கண்றாவியாக இருக்கும், ஆனால் தேதியில் தப்புப் பண்ணமாட்டார்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. தீர்ப்பு எழுத நார்ட்டன் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தபோது நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். தட்டிவிட்டேன்.

"பதிவேட்டைப் பத்தி ஒரு கேள்வி இருக்குங்க" என்றேன்.

"கேப்டனே உக்காந்திருக்கார், உங்களுக்கு என்னம்மா கேள்வி?"

"எழுத்துல இருக்கிறதைப் பத்தித்தான். ஏசா தம்பிகிட்ட கேட்டுக்கலாமா?"

நார்ட்டன் கையை அசைத்தார். ஏசா சிரித்துக்கொண்டே எழுந்தான். நான் அவனைப் பார்த்து, வீட்டுக்கு விருந்துக்கு வந்தவனிடம் பேசுகிற மாதிரி, "ரிட்ஜ்ஃபீல்டு சண்டையில நீ இருந்தியாமே. எங்க வீட்டுக்காரர் சரியாவே சொல்லமாட்டேங்குறார். நீ சொல்லேன்" என்றேன்.

அவன் சொன்னான். வெளியூர்க்காரர் வரும்போதெல்லாம் சத்திரத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. மழை, சேற்றில் குதிரை வழுக்கியது, வீட்டுச் சுவரில் பீரங்கிக் குண்டு பதிந்தது, சிவப்புக் கோட்டு ஆங்கிலேயச் சிப்பாய் ஒருவன் கத்தியை ஓங்கியது. எல்லாம் ஜெத்ரோ திரும்பி வந்து டீக்கன் வீட்டு அடுப்படியில் சொன்னவை. ஏழு வருடம் சொல்லிச் சொல்லி ஏசா உண்மையாகவே அந்தக் குதிரைமேல் ஏறிவிட்டான் என்றே நினைக்கிறேன். பின்வரிசையில் ஜெத்ரோ தன் தோளைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அது என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை. ஓய்வுநாள்கூட விடலியே அவனுங்க. காலையில இருந்து இருட்டுற வரைக்கும் குதிரையை விட்டு இறங்கல நான்."

"தேதி இருபத்தேழு, பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு. சத்தியமா நீதான் இருந்தே?"

"சத்தியமா."

"எழுதிக்கங்க ஐயா" என்றேன் நார்ட்டனிடம். அவர் எழுதிக்கொண்டார். "இப்ப போதகர் ஐயா ஒரு எழுத்து கொண்டுவந்திருக்கார்."

போதகர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். "1777 ஏப்ரல் இருபத்தேழு, ஓய்வுநாள். ஏசா வில்காக்ஸும் அவர் மனைவி கெசியாவும் சபை முன் நடுவழியில் நின்று ஏழாம் கட்டளையை மீறியதை ஒப்புக்கொண்டனர். சபை மன்னித்தது. அவர்கள் மகன் லெவிக்கு ஞானஸ்நானம்."

ஏசாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆண்கள் வெட்கப்பட்ட தேதியை எந்த மூலையில் போட்டு வைக்கிறார்களோ, தேடி எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நார்ட்டன் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு இப்படி ஒரு நாள் வாழ்க்கையில் வந்ததில்லை. எழுத்தும் எழுத்தும் அடித்துக்கொண்டன.

"ஒரே ஆள் ஒரே நாள்ல ரெண்டு இடத்துல இருக்க முடியாது" என்றார் மெதுவாக. "ஒரு புத்தகம் தப்பு. எதுய்யா தப்பு?"

அந்த முட்டாள் ஏசா சொன்னான், "சபைப் புத்தகம்தாங்க தப்பு. அது வேற ஏதோ ஒரு ஞாயித்துக்கிழமையா இருக்கும். இல்லேன்னா அன்னிக்கு நான் வரலையோ என்னவோ. நான் சண்டையில இருந்தேன்."

போதகரின் காது சிவந்தது. ஆனால் அவருக்கு முன்னால் கெசியா எழுந்துவிட்டாள்.

சபை முன்னால் ஒப்புக்கொண்ட அந்த நாளுக்குப் பிறகு அவள் பேசி நாங்கள் கேட்டதே கிடையாது. கோயிலில் பாட்டுக்கூட உதட்டுக்குள் பாடுகிறவள். கையுறையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள்.

"மனைவி புருஷனைப் பத்திச் சாட்சி சொல்லக்கூடாதும்மா" என்றார் நார்ட்டன்.

"சாட்சி சொல்லலீங்க. என் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேக்குறேன்." அவள் ஏசா பக்கம் திரும்பினாள். "நீங்க வரலையா? அப்ப ஊர் முன்னாடி நான் தனியா நின்னேனா?"

"கெசியா, உக்காரு."

"உங்க கையைப் பிடிச்சுகிட்டு நின்னேன். வேர்த்துக் கொட்டிச்சு உங்க கை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க, உங்களை யாரும் பார்க்கல. பரவாயில்ல, பக்கத்துல நிக்கிறாரேன்னு நினைச்சேன். ஏழு வருஷமா அதை நினைச்சுத்தான் உங்ககூட குடும்பம் நடத்துறேன். நீங்க அங்க இல்லேன்னா, நாம ஒப்புக்கல. ஒப்புக்கலேன்னா லெவிக்கு நடந்தது ஞானஸ்நானமே இல்ல. வீட்டுக்குப் போய் பையன்கிட்ட அதை நீங்களே சொல்லுங்க. ஒரு ஆளை விக்கிறதுக்காக உன் ஞானஸ்நானத்தைக் கழுவிவிட்டேன்னு சொல்லுங்க."

ஏசா பெஞ்சின் விளிம்பைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், எங்கேயும் உதவி இல்லை. அந்த நேரத்தில் அவன்மேல் எனக்குக்கூட லேசாக இரக்கம் வந்தது. ரொம்ப லேசாக.

"கோயில்லதான் இருந்தேன்" என்றான்.

நார்ட்டன் பேனாவை மையில் தோய்த்தார். "அப்ப கேப்டன் பதிவேடுதான் தப்பு. அதுல ஏசா வில்காக்ஸ்னு எழுதியிருந்தா அது ஏசா வில்காக்ஸ் இல்ல. யாருன்னு கேப்டன்தான் சொல்லணும். இப்ப அவர் வாய்ச்சாட்சி செல்லும்." அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கேப்டன் பெக்?"

இந்த இடத்துக்குத்தான் நான் பயந்தேன். முதல் நாள் முதல் இந்த நிமிடம் வரைக்கும் எனக்கு வேறு எதிலும் பயம் இல்லை. என் வீட்டுக்காரர் போரில் ஒளிந்த ஆள் இல்லை. ஆனால் போர் வேறு, ஊர் முன்னால் மூக்கு உடைபடுவது வேறு. வாசலோரம் அடுத்த ஊர்க் கேப்டன்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள். மே மாதம் ஓட்டுப் போடுகிறவர்கள் அவர்கள்தான். அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியதை வியாழக்கிழமையே சொல்லியாயிற்று.

அவர் எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அந்த மூணு வருஷமும் வந்தது ஜெத்ரோ. முப்பத்தோரு தடவை. ஒருநாள் தவறல, ஒருநாள் தாமதமா வரல. ரிட்ஜ்ஃபீல்டுல என்மேல விழவேண்டிய கத்தி அவன் தோள்ல விழுந்துச்சு. பேரை மாத்தி எழுதச் சொன்னது நான். ஒப்பம் என்னோடது. பொய்ப் பட்டியல் கொடுத்தது நான்தான்." நிறுத்தினார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. "இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தக் கையெழுத்தும் என்னோடது இல்ல. புத்தகம் பூரா என் பெண்சாதி எழுதினது. கர்னல்கிட்ட யாராவது சொல்லிடுங்க."

வாசலோரம் நின்ற கேப்டன்களில் ஒருவன் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே போனான். மேஜர் பதவி அவனோடு சேர்ந்து வெளியே போயிற்று. மே மாதம் அது கீழ்ப்பள்ளத்து ஆள் ஒருவனுக்குக் கிடைத்தது. அந்த ஆளின் பட்டியலை நான் பார்த்திருக்கிறேன், கோழி கிளறியதுதான். என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நின்றதைப்போல எந்தக் குதிரைமேலும் நிமிர்ந்து உட்கார்ந்து நான் கண்டதில்லை. இதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை. தலைக்கேறிவிடும்.

நார்ட்டன் தீர்ப்பை எழுதினார். பத்திரம் செல்லும், ஜெத்ரோ விடுதலை. ஆனால் அவர் அவர்தானே. "பதிவேட்டைத் திருத்தணும். பத்திரம் பதிவேடு காட்டுறபடின்னு சொல்லுது, அது காட்டணும். ஒரு வரி திருத்தினா போதும்" என்றார்.

"முப்பத்தோரு வரி இருக்கு" என்றேன்.

"பொழுது சாயறதுக்குள்ள முடியுமா? சாஞ்சதுமே நமக்கு ஓய்வுநாள் தொடங்கிடும், எழுதக்கூடாது."

"நான் எழுதுற வேகம் உங்களுக்குத் தெரியாது."

ஆசிரியரின் மேசையில் உட்கார்ந்தேன். ஃபீபி மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. முதல் வரியில் ஏசா வில்காக்ஸ் என்பதை அடித்துவிட்டு நிமிர்ந்தேன். ஜெத்ரோ மேசைக்கு எதிரில் நின்றான்.

"உனக்கு முழுப்பேர் வேணுமே. வில்காக்ஸ்னு சேர்த்துக்கவா? விடுதலையானவங்க எஜமான் பேரைத்தான் போட்டுக்கிறாங்க."

"வேண்டாம்மா" என்றான். "அந்தப் பேருக்கு நிறையவே உழைச்சாச்சு. ஜெத்ரோன்னு மட்டும் போடுங்க. மீதிய நிதானமா யோசிச்சுச் சொல்றேன். இனிமே நேரம் இருக்குதானே."

முப்பத்தோரு தடவை எழுதினேன். கர்னல் புகழ்ந்த எழுத்தைவிட அழகாகவே எழுதினேன். கண் மட்டும் இரண்டு மூன்று தடவை மங்கியது, ஃபீபி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். முடித்து, மை காய மணல் தூவி, புத்தகத்தை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே அவர் ஒப்பம் போட்டார், வியர்க்க வியர்க்க.

"திருத்தினதை வாசிங்க" என்றார் நார்ட்டன்.

அவர் புத்தகத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மைதானத்துக் குரல் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஜெத்ரோ."

பதில் இல்லை. ஜெத்ரோ அவரைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றான், அடுத்து யார் பேரைக் கூப்பிடப்போகிறார் என்று காத்திருப்பவனைப்போல. அந்தக் குரலில் அந்தப் பேரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரும் காத்திருந்தார். பட்டியல் வாசிக்கும்போது பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

ஃபீபி மைக்கூட்டைக் கீழே வைத்துவிட்டு முழங்கையால் அவனை இடித்தாள். "உன்னைத்தான்யா."

அவன் அவளைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். பிறகு குதிகால் இரண்டையும் சேர்த்துக்கொண்டான்.

"இருக்கேன், கேப்டன்" என்றான்.